கொண்டை வைத்த கவுதாரி

சுகுணாவுக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கும் பூட்டுப் போடத் தெரியும். தன் வாய்க்குப் போட மட்டும் தெரியாது என்று அவளைப் பெற்றவளே சொல்லுவாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அவளுடைய சர்வீஸ் கடை இருந்தது. படியேறி வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, "பாஸ்வேர்ட் என்னன்னா..." என்று ஆரம்பித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

"எங்கிட்டச் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா மிஷினை எடுத்துட்டுப் போயிருங்க, நான் வேலை பாக்க மாட்டேன்."

இது வெறும் வீறாப்பு இல்லை. பிழைப்பே அதில்தான் நின்றது. கண் டாக்டர் தன் நோயாளிகளின் விவரங்களையும், பருத்தி வியாபாரி தன் கொள்முதல் கணக்கையும், காலேஜ் வாத்தியார் ஒருவர் பரீட்சைக் கேள்வித்தாளையும் அவள் போட்ட பூட்டை நம்பித்தான் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். பூட்டுப் போடுகிறவளிடம் சாவி இருக்காது என்று ஊர் நம்புகிற வரைக்கும்தான் அவள் கடைக்கு ஆள் வரும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நம்பிக்கையில்தான் தீப்பெட்டி ஆபீஸ் ராமசுப்பு அண்ணாச்சியும் கூப்பிட்டு விட்டார். கோவில்பட்டியில் தீக்குச்சி அடைக்கிற தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். அண்ணாச்சியின் ஆபீஸ் ஊரைத் தாண்டி இடைசெவல் போகிற பக்கம், சுற்றிலும் கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. அவர் புதிதாக ஒரு மார்க்கா கொண்டுவரப் போகிறார். கவுதாரி மார்க்கா. பெட்டி மேல் ஒட்டுகிற லேபிளுக்குப் படம் வரைந்தது அவருடைய மருமகள் பிரேமலதா. மார்க்காவைப் பதிவு செய்து முடிக்கிற வரைக்கும் படம் வெளியே தெரியக் கூடாது. இந்தத் தொழிலில் ஒரு நல்ல லேபிளைக் காலையில் யாரிடமாவது காட்டினால், சாயங்காலம் அது இன்னொருத்தர் பெட்டியில் ஒட்டியிருக்கும்.

"மூணு மிஷின் இருக்கு தாயி. எனக்கு ஒண்ணு, மகனுக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு. மூணும் மூணு தினுசு. எல்லாத்துக்கும் ஒரே பூட்டா போட முடியுமா?" என்று கேட்டார் ராமசுப்பு.

"பூட்டு ஒண்ணுதான் அண்ணாச்சி. கதவுதான் வேற வேற. நான் போட்டுத் தாரேன்" என்றாள் சுகுணா.

அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருள். கம்ப்யூட்டருக்குள் ஒரு பெட்டியை உண்டாக்கும். அதற்குள் போடுகிற எதுவும், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். பாஸ்வேர்ட் கொடுத்தால் திறக்கும். மறந்துவிட்டால் அந்த மென்பொருளை எழுதியவனே வந்தாலும் திறக்காது.

முதலில் அண்ணாச்சியின் விண்டோஸ். மென்பொருளை இறக்கி ஓட விட்டதுமே திரை முழுக்க நீலமாக ஒரு அறிவிப்பு வந்து நின்றது. இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை, ஓட விடவேண்டாம் என்று அது எச்சரித்தது. ராமசுப்பு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்ன தாயி, வேண்டாங்குது?"

"அது அப்படித்தான் அண்ணாச்சி. புதுசா யாரு வந்தாலும் வாசல்லயே மறிச்சு, நீ யாரு எவருன்னு கேக்கும். வந்தது சரியான ஆளுதானான்னு நாமதான் பாத்து உள்ள விடணும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் உடனே உள்ளே விட்டுவிடவில்லை. இறக்கிய கோப்புக்கு என்று ஒரு நீளமான எழுத்து வரிசை உண்டு. மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் தளத்தில் போட்டிருந்த வரிசையோடு அதை எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தாள். வழியில் யாராவது புகுந்து ஒரு புள்ளியை மாற்றியிருந்தாலும் வரிசை ஒத்துப்போகாது. ஒத்துப்போனது. அதற்குப் பிறகுதான் ஓரத்தில் சின்னதாக ஒளிந்திருந்த எழுத்தை அழுத்தி, 'இருந்தாலும் ஓடவிடு' என்று உத்தரவு கொடுத்தாள்.

பிரேமலதாவின் மேக் இன்னும் ராங்கி பிடித்தது. திறக்க முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அனுமதி கொடுக்கப் பொத்தானைக்கூடக் காட்டவில்லை. சுகுணா அமைப்புகளுக்குள் போய், அந்தரங்கமும் பாதுகாப்பும் என்ற பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கி, அங்கே பதுங்கியிருந்த அனுமதியைத் தேடி எடுத்தாள்.

"இத்தனை நாள் வச்சிருக்கேன், இப்படி ஒரு இடம் இருக்கதே எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் பிரேமலதா.

"தெரியாம இருக்கணும்னுதான அங்கன கொண்டுபோயி வச்சிருக்கான்."

மகன் யோகராஜ் வைத்திருந்தது லினக்ஸ். அதில் அவனுக்கு ஒரு பெருமை. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் வேலை முடிந்தது, ஒரு மிரட்டல் கிடையாது. ஆனால் நடுவில் அவனுடைய பாஸ்வேர்டைக் கேட்டது. யோகராஜ் அடிக்க அடிக்கத் திரையில் ஒரு எழுத்து வரவில்லை, ஒரு புள்ளிகூட வரவில்லை. தூரத்தில் உட்கார்ந்திருந்த ராமசுப்புவுக்குப் பொறுக்கவில்லை.

"கீபோர்டு செத்துப் போச்சாலே?"

"இல்லப்பா. இது அடிக்கதை வெளிய காட்டாது."

"அப்ப இதுதாம்ல நம்பிக்கையான மிஷினு" என்று ராமசுப்பு தலையை ஆட்டினார்.

மூன்றிலும் பெட்டி தயாரானது. இனி ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வைக்கவேண்டியதுதான் பாக்கி. சுகுணா மூன்று பேரையும் பார்த்து, எல்லோரிடமும் சொல்கிற பாடத்தைச் சொன்னாள்.

"நல்ல நீளமா இருக்கணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மறக்காத பேரா இருக்கணும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது. நீங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர்கூடச் சொல்லிக்கிடக் கூடாது."

பிறகு வழக்கம்போல வெளியே வந்து, ஆபீஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலில் காய்கிற காட்டைப் பார்த்தபடி நின்றாள். ராமசுப்பு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கூப்பிட்டு உள்ளே போனபோது அவர் நெற்றியில் திருநீறு புதிதாகத் துலங்கியது. நல்ல காரியம் ஆரம்பித்தால் பூசுகிறவர்தானே என்று அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டிருக்க வேண்டும்.

வைகாசி கழிந்து, அண்ணாச்சி வீட்டுக் குலசாமி கோயில் கொடைத் திருவிழாவும் முடிந்த மறுவாரம், கவுதாரி மார்க்கா தீப்பெட்டி கடைகளில் தொங்கியது. ராமசுப்புவுடையது இல்லை, காளிராஜுடையது. காளிராஜ் ராமசுப்புவுக்குச் சித்தப்பா மகன், பங்காளி. கழுகுமலை ரோட்டில் தனியாகத் தீப்பெட்டி ஆபீஸ் போட்டிருந்தான். தனித்தொழில் என்றாலும் அண்ணன் ஆபீஸில் அவன் கால் படாத நாள் கிடையாது. வருவான், அண்ணன் நாற்காலியிலேயே உட்காருவான், டீ குடிப்பான், பேப்பர் படிப்பான். சொந்தக்காரனை யார் என்ன கேட்பார்கள்?

ராமசுப்பு கொதித்துப்போய்க் கேட்டதற்குக் காளிராஜ் அசரவில்லை.

"ஒரு ஏஜெண்டு கொண்டாந்து காட்டுனான், படம் நல்லாருந்துச்சு, வாங்குனேன். ஒங்க படம்னு எனக்கு என்னண்ணே தெரியும்? ஒங்க ஆபீஸ்ல இருந்து எவரோ வித்திருக்காவ. பூட்டுப் போட்டவகிட்ட ஒரு சாவி இருக்காமலா இருக்கும்? அந்தப் பொம்பளையக் கேளுங்க."

அந்தச் சொல் சுகுணாவின் காதுக்கு வருவதற்கு முன்பே டவுன் முழுக்கப் போய்விட்டது. மறுநாளே கண் டாக்டர் போன் பண்ணி, "மிஷினைக் கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்கம்மா" என்றார். பருத்தி வியாபாரி ஆள் அனுப்பித் தன் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வந்தவன் காரணம் சொல்லவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. களவாணி என்று ஒரு தரம் பெயர் விழுந்தால் இந்தத் தொழிலில் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. பயத்தைவிட ஆத்திரம்தான் சுகுணாவுக்கு அதிகமாக வந்தது. கீழே இறங்கிப் போய் எதிர்க்கடையில் ஒரு கவுதாரி மார்க்கா தீப்பெட்டி வாங்கி வந்து மேஜை மேல் வைத்துப் பார்த்தாள்.

மஞ்சள் நிறப் பின்னணியில் கவுதாரி நிமிர்ந்து நின்றது. அதன் தலையில் ஒரு கொண்டை.

சுகுணா கழுகுமலைப் பக்கத்துக் காட்டில் வளர்ந்தவள். "கவுதாரிக்கு ஏதுடா கொண்டை?" என்று தீப்பெட்டியைப் பார்த்தே கேட்டாள்.

அன்று சாயங்காலம் பிரேமலதா போன் செய்தாள். குரலை அடக்கிப் பேசினாள்.

"அக்கா, நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தத் தீப்பெட்டியில போட்டிருக்கது என்னோட பழைய படம். பாக்காமலே வரைஞ்சு கொண்டை வச்சுட்டேன். அதைத்தான் மாமாவுக்கும் எங்க வீட்டுக்காரவியளுக்கும் அனுப்புனேன், அவிய ரெண்டு பேரு பெட்டியிலயும் அதுதான் இருக்கு. பெறகு ஒருநா காட்டுல நெசக் கவுதாரியைப் பாத்துட்டு வந்து கொண்டையை எடுத்தேன், கழுத்துல வரியும் போட்டேன். அது எம் பெட்டியில மட்டுந்தான் இருக்கு."

"ஏன் அதை மாமாகிட்டக் காட்டல?"

"கொண்டைதான் கம்பீரம்னு சொல்லிட்டாவக்கா. பெறகு எப்படி எடுத்துட்டேன்னு சொல்லுவேன்?"

சுகுணாவின் முகத்தில் இரண்டு நாளைக்கப்புறம் வெளிச்சம் வந்தது. "நாளைக்குக் காலையில மூணு மிஷினையும் மேசையில வச்சிருங்க. காளிராஜ் அண்ணாச்சியையும் கண்டிப்பா வரச் சொல்லுங்க. நான் வாரேன்" என்றாள்.

காலையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது காளிராஜின் வேன் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. அதன் நெற்றியில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் 'ஸ்ரீ கரையடி மாடசாமி துணை' என்று எழுதி மாலை போட்டிருந்தது. அதே பெயர் அதே எழுத்தில் அண்ணாச்சி ஆபீஸ் போர்டிலும் இருந்தது. பங்காளிகளுக்குக் குலசாமி ஒன்றுதானே. சுகுணா படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். அன்றைக்கு அண்ணாச்சி நெற்றியில் பார்த்த திருநீறு அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

உள்ளே ராமசுப்பு கல்லாக உட்கார்ந்திருந்தார். யோகராஜ் சுவர் ஓரமாக நின்றான். பிரேமலதா கதவருகில். காளிராஜ் காலை ஆட்டிக்கொண்டு டீ குடித்தான்.

"நான் ஒண்ணுதான் கேக்கேன்" என்று சுகுணா நின்றபடியே ஆரம்பித்தாள். "எங்கிட்ட சாவி இருந்திருந்தா மூணு பெட்டியையும் திறந்திருப்பேன்லா? மருமக பெட்டியில புதுப் படம் இருக்கு. கொண்டை இல்லாத படம். திருடுதவ புதுசை விட்டுட்டுப் பழசையா தூக்கிட்டுப் போவா?"

ராமசுப்பு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்தபடி ஆமாம் என்று அசைத்தாள்.

"எடுத்தது யாரோ, அவிய கைக்கு ரெண்டு பெட்டிதான் திறந்திருக்கு. அண்ணாச்சி, அன்னைக்கு பாஸ்வேர்ட் அடிக்க முந்தி திருநீறு பூசுனீங்களா?"

"பூசாமலா? சாமி பேரை அடிக்கையில வெறும் நெத்தியோட..." ராமசுப்பு பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யோகராஜ் சுவரை விட்டு நகர்ந்தான். "நீங்களுமாப்பா?"

"நீயுமாலே?"

தகப்பனும் மகனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்காத பெயர் வேறு எது இருக்கிறது அந்த வீட்டில்? இரண்டு பேரும் உலகத்துக்கே தெரியாத ரகசியமென்று வைத்த பெயர், வாசலில் போர்டாகவும், லெட்டர்பேடில் தலைப்பாகவும், கல்யாணப் பத்திரிகையில் முதல் வரியாகவும் இருந்தது.

காளிராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அதுக்கு நான் என்ன செய்ய? நான் இந்தப் பெட்டியைத் தொட்டதே கிடையாது. இங்கிலீஷ்ல எப்படி எழுதியிருக்காவளோ, எந்த எழுத்துப் போட்டாவளோ, எனக்கென்ன தெரியும்?"

"அதுவும் சரிதான். எழுத்து ஒண்ணு மாறினாலும் திறக்காது" என்று சுகுணா உடனே ஒத்துக்கொண்டாள். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி, அடிக்கிற எழுத்து வெளியே தெரிகிற மாதிரி பாஸ்வேர்ட் கட்டத்தின் ஓரத்தில் இருந்த கண் படத்தை அழுத்தினாள். "நீங்க எப்பவும் எழுதுதபடி அடிங்க அண்ணாச்சி. திறக்கலன்னா ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாரு முன்னாடியும் நானே சொல்லுதேன்."

"நான் ஏன் அடிக்கணும்?"

"சாமி பேரை அடிக்க என்னல யோசனை?" என்றார் ராமசுப்பு.

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. கீபோர்டை இழுத்து வைத்து அடித்தான். பெட்டி திறக்கவில்லை, தவறு என்று காட்டியது. காளிராஜ் நிமிர்ந்து சிரித்தான். ராமசுப்புகூட மூச்சை விட்டார். எவ்வளவு கோபம் இருந்தாலும் கூடப்பிறந்தவன் மாதிரி இருந்தவன் களவாணியில்லை என்றால் மனசு ஆறத்தானே செய்யும்.

சுகுணா அசையவில்லை.

"அண்ணாச்சி, இவிய அடிச்சதைக் கொஞ்சம் பாருங்க. பெறகு அந்தச் சன்னல் வழியா இவிய வண்டி நெத்தியில எழுதியிருக்கதையும் பாருங்க."

ராமசுப்பு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். எழுந்து சன்னலுக்குப் போனார். வேனில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். திரும்பி வந்து ஒற்றை விரலால், வேனில் இருந்தபடியே, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பெட்டி திறந்தது. உள்ளே கொண்டை வைத்த கவுதாரி நின்றது.

"ஏலே காளி" என்றார். குரல் உயரவில்லை. "தினம் அந்த எழுத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான வண்டியை எடுக்க? அதுல தப்பு இல்லையே. சொந்தக் குலசாமி பேரை இங்கன மட்டும் ஏன்ல தப்பா அடிச்ச?"

"கை தவறிருச்சுண்ணே."

"மூணு எழுத்துமா?"

யோகராஜ் குறுக்கிட்டான். "கொடைக்கு நாங்க எல்லாரும் கோயில்ல இருக்கோம், நீரு மட்டும் லாரி வந்திருக்குன்னு பாதியில கிளம்புனீரே சித்தப்பா. எந்த லாரி அது?"

காளிராஜ் மேஜை மேல் கிடந்த வண்டிச் சாவியை எடுத்தான். சாமிக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அதே சாமி பெயரை வைத்துப் பூட்டைத் திறந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ராமசுப்பு கதவைக் காட்டினார்.

"கடைக்குப் போன சரக்கைப் பூராம் நாளைக்குள்ள எடுத்துரு. மத்ததைச் சாமி முன்னால பேசிக்கிடுவோம். போ."

வேன் கிளம்புகிற சத்தம் அடங்கிய பிறகு, யோகராஜுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. மனைவியின் மேக்கை இழுத்து, அதே பெயரை அடித்துப் பார்த்தான். அது திறக்கவே இல்லை.

"இது என்ன பேரு?" என்று அவன் கேட்டதும் பிரேமலதாவின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமாகி வந்தவளுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலசாமி. மூன்று கொடைக்கு அவளே மாவிளக்கு எடுத்திருக்கிறாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"சொல்லு தாயி" என்றார் ராமசுப்பு.

"அக்கா மறக்காத பேருன்னு சொன்னாவ மாமா. சட்டுன்னு எங்க பொறந்த வீட்டுச் சாமிதான் வந்துச்சு. வடக்குவாச்செல்வி." அவளுக்குக் கண் கலங்கியது. "தப்புத்தான்."

ராமசுப்பு மேக்கை அவள் பக்கம் தள்ளினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். பெட்டி திறந்தது. கொண்டை இல்லாத கவுதாரி, கழுத்தில் வரியோடு, இப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிய மாதிரி நின்றது. ராமசுப்பு வெகுநேரம் பார்த்தார்.

"எங்க சாமியை ரெண்டு பேரும் வாசல்லயே உக்கார வச்சுட்டோம்" என்றார். "நீ பொறந்த ஓட்டப்பிடாரத்துல இருந்து ஒங்க சாமி கூட வந்துல்லா நம்ம மார்க்காவைக் காப்பாத்தியிருக்கு. வார வெள்ளிக்கிழமை எல்லாருமாப் போயி பொங்கல் வச்சுட்டு வருவோம். இன்னொண்ணு தாயி. கொண்டை நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னு எங்கிட்ட சொல்லணும். நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

பிரேமலதா அழுதுகொண்டே சிரித்தாள்.

ராமசுப்பு போனை எடுத்தார். கண் டாக்டரையும் பருத்தி வியாபாரியையும் அவரே கூப்பிட்டார். "களவாண்டது எங்க வீட்டு ஆளு. அந்தப் புள்ளை சொக்கத்தங்கம்" என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். சுகுணா அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது.

"எஞ்சொல்லுலயும் கோளாறு இருக்கு அண்ணாச்சி" என்றாள். "மறக்காத பேருன்னு சொல்லியிருக்கக் கூடாது. பேருன்னதும் சாமிகிட்டப் போயிட்டீங்க. இப்ப எல்லாத்தையும் மாத்தணும். வடக்குவாச்செல்வியையும் சேத்துத்தான், சத்தமாச் சொல்லியாச்சு. சாமி வேண்டாம், புள்ள பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தையைக் கோத்து அடிங்க."

"சாமியை எடுத்தா அது கோவிச்சுக்கிடாதா?"

"கம்ப்யூட்டருக்குக் காவல் நிக்கத்தானா அண்ணாச்சி சாமி?"

ராமசுப்பு சிரித்துவிட்டுக் கீபோர்டுக்கு நேராக உட்கார்ந்தார். சுகுணா வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்க போற? இங்கனயே இரு தாயி. நீ பாத்தா என்ன இப்ப? ஒன்னைய நம்பாம இனி யாரை நம்பப் போறோம்?"

அவள் திரும்பி நின்றாள். இரண்டு நாளாகக் கேட்க ஏங்கிய வார்த்தை அது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை அசைத்தாள்.

"நீங்க நம்புதீங்க அண்ணாச்சி. அதுக்காவ நான் பாக்க முடியுமா?"

வெளியே வந்து ஆபீஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ராமசுப்பு ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது முந்தியதைவிட நீளமாக இருந்தது. சுகுணா காதைப் பொத்திக்கொண்டாள்.